ஆணி நிற்கும் ஈறு

ஆணிவாயர் தும்மினால் எதிர்ச்சுவரில் காலண்டர் மாட்ட ஆணி தேட வேண்டியதில்லை என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். ஒரு மழைக்காலத்தில் அடக்க முடியாமல் அவர் போட்ட தும்மலில், எதிரே நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தவர் கதவோடு கதவாக அடிக்கப்பட்டு, சட்டையைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாராம். அந்தச் சட்டையைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது தெருவில் இல்லை. கதவையும் மாற்றியாகிவிட்டது. ஆகவே நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் துணி போர்த்துகிற வேலை அவருக்கு. அந்த வேலையில் இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும். வலது கையில் சுத்தியல். ஆணியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அதை யாரும் கொடுத்தனுப்பவில்லை என்பதால் வாய். ஒரு பிடி ஆணியை அள்ளி, பொரி போடுவதுபோல் வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டில் கொண்டுவந்து நிறுத்தும். சுத்தியலின் முனையில் காந்தம். அது உதட்டைத் தொட்டு ஆணியை ஒட்டிக்கொண்டு போய் மரச்சட்டத்தில் இறக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒரு மனிதர் தன் வாயையே சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். வாடிக்கையாளரின் குழந்தைகள் வீட்டுக்குப் போக மறுத்து நின்று பார்க்கும்.

வாய் நிறைய ஆணி இருப்பவர் பேச முடியாது. அவருடைய சம்சாரம் அதே அறையில் ஜன்னலோரம் மெஷினில் உறை தைத்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் அவளிடம் சொன்னதெல்லாம் "ம்" ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ஊமைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம் என்று தையல்காரி அழுதாள். சாப்பாட்டு வேளைக்கு ஆணியைத் துப்பியதும் அவர் பேசிய பேச்சைக் கேட்டு, ஊமையாகவே இருந்திருக்கலாம் என்று மறுபடி அழுதாள். பிறகு பழகிவிட்டது.

அவர் எச்சிலில் ரத்தம் வருவது அந்த வீட்டில் யாருக்கும் ஒரு சேதியே இல்லை. காலையில் வாய் கொப்பளித்தால் தொட்டி சிவக்கும். "ஆணி குத்தியிருக்கும்" என்று அவர் சொல்வார். "ஆணி குத்தியிருக்கும்" என்று அவளும் சொல்வாள். வாய் நாறினால் இரும்பு வாசனை. உதடு நீலம் பாரித்திருந்தால் ஆணிக்கு ஏற்றிய சாயம். தச்சனுக்குக் கையில் காய்ப்பு இருப்பதுபோல இவருக்கு வாயில் ரத்தம் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. வருஷம் ஆக ஆக அவருடைய ஈறு பல்லை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சந்து விழுந்தது. வேறு மனிதனாக இருந்தால் பயந்திருப்பான். ஆணிவாயருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்துகளில் ஆணி ஆடாமல் நின்றது. இடது பக்கச் சந்தில் சின்ன ஆணி, வலது பக்கத்தில் பெரிய ஆணி, முன்னால் கீழே குமிழ் ஆணி என்று பிரித்துவைத்தார். "மத்தவன் ஆணி வைக்க டப்பா வாங்கறான். எனக்குத் தானா விளைஞ்சிருக்கு" என்று வாயைத் திறந்து காட்டுவார். கடைவீதியில் வேறு மூன்று குஷன்காரர்கள் அந்த வாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். இது தும்மல் கதை மாதிரி இல்லை, உண்மையிலேயே பொறாமைப்பட்டார்கள்.

தையல்காரியின் தம்பி மரச்சட்டங்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். பட்டறையின் பின்கட்டில் அவன் ராஜ்யம். ஒருநாள் ஆணிவாயர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"மச்சான், இங்க வா. இந்தக் கீழ்ப்பல்லு ஆடுது. ஆணி நிக்க மாட்டேங்குது."

"நல்லாத்தான் ஆடுது மாமா. ஊஞ்சல் கட்டலாம் போல."

"புடுங்கிடு."

மெஷினை நிறுத்திவிட்டுத் தையல்காரி திரும்பினாள். "ரெண்டு பேருக்கும் பைத்தியமா? பல் டாக்டர்கிட்ட போங்களேன்."

"போனேன்டி, போன வருஷம். வாசல் வரைக்கும் போனேன். அந்த நாற்காலியப் பாத்தேன். தையல் பிரிஞ்சி, பஞ்சு வெளியில வந்து கெடக்குது. உக்கார்ற நாற்காலியவே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவரு என் வாயை ஒழுங்கா வெச்சுப்பாரா?"

"அதுக்காக இவன்கிட்டயா?"

"அக்கா, நான் கொறட்டைப் பாலிஷ் தின்னர்ல கழுவிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு பாரு" என்றான் தம்பி, உண்மையான பெருமையோடு.

பழைய சோபாவிலிருந்து துருப்பிடித்த ஆணியை உருவுகிற குறடு அது. பல் ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. ஆணிவாயர் துணிக்கந்தலைக் கடித்துக்கொண்டு அன்றைக்கே ஒரு ஈசி சேரை முடித்துக் கொடுத்தார். புதிதாகக் கிடைத்த ஓட்டையில் குமிழ் ஆணி இன்னும் நன்றாக நின்றது.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஸ்பாஞ்சு காயவில்லை, பாலிஷ் உலரவில்லை, பட்டறை முழுவதும் ஈரநாய் வாசனை. சாயங்காலமானால் ஆணிவாயருக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் போய்விடும். பழைய மெத்தையைப் பிரித்த தூசி என்றார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். மாத்திரை நின்றால் காய்ச்சல் வந்தது. சோறு இறங்கவில்லை, ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டார், பிறகு டீயை மட்டும் குடித்தார். நாலு ஆணி அடித்துவிட்டு, அளவெடுக்கிறவர்போல் சோபா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல்காரி அதைப் பார்த்தாள். மழை விட்டதும் டாக்டரிடம் போகலாம் என்றாள். மழை விடவில்லை.

ஒரு வீட்டு மாடிக்குச் சோபா ஏற்றப் போனபோது பாதிப் படியில் அவர் தன் பக்கத்தை இறக்கிவைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கீழ்ப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்த தம்பி, "மாமா, உக்கார்றதுக்கு வேற எடமே கெடைக்கலயா?" என்றான். மேலேயிருந்து இறங்கியவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். சோபா நன்றாக இருக்கிறதா என்று ஒருவர் விசாரித்தார். ஆணிவாயர் தலையாட்டினார். பேச மூச்சு இல்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்தபோது தையல்காரி வெந்நீர் எடுத்து அவர் வாயைத் துடைத்தாள். உதட்டு நீலம் துணியில் ஒட்டவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னைக்கு எத்தனை நாற்காலி அடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல. காலையிலேருந்து ஆணியே தொடல."

கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே, "டேய், ஆட்டோ கூட்டிட்டு வாடா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரம்மா குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு அவரை இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள். திரும்பி வந்த டாக்டரம்மா நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஐயா, சமீபத்துல பல் ஏதாவது எடுத்தீங்களா?"

ஆணிவாயர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தான்.

"யாரு எடுத்தாங்க?"

"குடும்ப டாக்டர்" என்றார் ஆணிவாயர்.

தையல்காரிதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஆணி, ரத்தம், சந்து, குறடு, தின்னர். சொல்லச் சொல்ல அவளுக்கே அது வேறு யாரோ கிறுக்கர்கள் வீட்டுக் கதைபோல் கேட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நெஞ்சுக்குள்ள ரத்தம் ஒரே பக்கமா போறதுக்குக் கதவு மாதிரி வால்வு இருக்கும்மா. இவருக்குச் சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சுன்னு மாமியார் சொல்வாங்க. ஒரு மழைக்காலம் முழுக்க நடக்காம கெடந்தாராம்."

"அப்பவே அந்தக் கதவு ஓரம் சொரசொரப்பாயிருக்கு. யாருக்கும் தெரியல. ஈறு கெட்டுப்போனா அதுல இருக்கற கிருமி ரத்தத்துல கலக்கும். நல்ல கதவுல சாதாரணமா அது ஒட்டாது. சொரசொரப்புல ஒட்டும். இவருக்கு ஒட்டிக் கூடு கட்டியிருக்கு. கதவு சரியா மூட மாட்டேங்குது. அதான் மூச்சு."

"அப்ப நான் புடுங்கினதுனாலயா?" என்றான் தம்பி. பாலிஷ் கறை படிந்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

"அதுவா இருக்கலாம். தினமும் ரத்தம் கசியற ஈறு. பல் தேய்க்கறப்பவே போயிருக்கலாம். எந்த நாள்னு யாராலயும் சொல்ல முடியாதுப்பா."

தம்பி அங்கிருந்து போய் வராந்தாவில் உட்கார்ந்தான். "நீதான் காரணம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பான். அதற்கும் வழியில்லாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையில் ஊசி ஏற்றி மருந்தை இரவும் பகலும் சொட்டவிட்டார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது, மூச்சு இறங்கவில்லை. கெட்ட வால்வை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், அதற்கு முன்னால் கெட்ட பல்லையெல்லாம் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதியதிலும் கூடு கட்டிவிடும் என்றார்கள். பல் டாக்டர் ஒரு சின்னப் பெண். மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தாள். கம்பி போய்க்கொண்டே இருந்தது.

"அடிமட்டம் பத்தலன்னா எங்க வீட்டு டேப் இருக்கும்மா" என்றார் ஆணிவாயர்.

"பேசாதீங்க ஐயா. எல்லாமே எடுக்கணும்."

"எல்லாமேன்னா?"

"எல்லாமே."

"நெஞ்சு சரியில்லன்னு வந்தா பல்லைக் கழட்டறீங்க. செருப்பு அறுந்துபோச்சுன்னு வந்தா தொப்பியக் கழட்டுவீங்களா? கீழ நடுவுல இருக்கற நாலை மட்டும் விட்ருங்க. மத்ததெல்லாம் எடுத்துக்கங்க."

"அந்த நாலுதான் ஐயா ரொம்ப மோசம்."

"அந்த நாலுலதான் என் வேலை நிக்குது" என்றார். விளையாட்டுக் குரல் போய்விட்டது.

சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் ஆணிவாயர். தையல்காரி தான் போடுவதாகச் சொல்லிப் பேனாவுக்குக் கை நீட்டினாள். "அவர் நல்ல நினைவோட இருக்காரும்மா. அவர்தான் போடணும்" என்றார் டாக்டரம்மா. வெளியே கூட்டிவந்து, அந்தக் கூட்டிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து ரத்தத்தோடு போய் மூளையில் அடைக்கலாம், எப்போது என்று சொல்ல முடியாது, நாள் கடத்தாதீர்கள் என்றார்.

அந்தச் சாயங்காலம் முழுவதும் அவள் அவருடைய கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கட்டில்காரருக்கு அவருடைய மகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் மழை வழிந்தது.

"என்னங்க."

"ம்."

"வாயில ஆணி ஒண்ணும் இல்லல்ல? வாயைத் தொறந்து பேசுங்க."

"என்னடி பேசச் சொல்ற? பல்லு போனா ஆணிய எதுல நிறுத்தறது?"

"ஸ்டேப்ளர் கன் ஒண்ணு வாங்கிக்கலாம். கடைவீதியில எல்லாரும் அதான் வெச்சிருக்காங்க. டப்புன்னு அழுத்தினா ஏறிடுது."

"காகிதம் தைக்கறவன் செய்யற வேலை அது."

"சரி, வேலையே செய்ய வேணாம். நீங்க ஆணி அடிக்கலன்னு ஊர்ல யாரும் தரையில உக்காந்துடப் போறதில்ல."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, அவள் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. தடவும்போது எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. பிரித்துப்போட்ட சோபாச் சட்டம்.

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?"

"விழுந்துச்சு. எனக்குப் புரியாம இல்ல. நான் அந்த வாய்க்காரன்டி. ஆணிவாய்னு கூப்புடுவாங்க, எல்லாருக்கும் தெரியும். பொக்கை வாய வெச்சுக்கிட்டு நான் யாருன்னு போய் நிக்கறது? புது வால்வு உள்ள இருக்கும், அதை யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேன். நான் பாத்தா போதாதா?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. "நாளைக்கு நெஞ்சு நின்னுபோனா? இந்தப் பல்லுங்கள மட்டும் தனியா ஆட்டோல உக்காரவெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவா?"

எதிர்க்கட்டில்காரர் கஞ்சி குடிப்பதை நிறுத்தினார். அவருடைய மகளும் திரும்பிப் பார்த்தாள். ஆணிவாயர் அவர்களைப் பார்த்து, "நல்லாத் தைப்பா. நாக்குலயே தைப்பா" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

"ஒரே ஒரு ராத்திரி இதுங்களோட தூங்கிக்கறேன்டி. அவ்வளவுதான் கேக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிடலாமா, காலில் விழலாமா, தம்பியை விட்டு மிரட்டச் சொல்லலாமா என்று அவள் மனசு நாலு பக்கமும் ஓடிப் பார்த்தது. எந்தப் பக்கமும் கதவு இல்லை. "சரி" என்றாள்.

காலையில் அவர் கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எடுக்கச் சொல்லு" என்பதுதான். எங்கே பேனா என்றுகூடக் கேட்டார். கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தையல்காரி வராந்தா முழுக்க ஓடினாள். பல் டாக்டர் இன்னும் வரவில்லை. நர்சிடம் சொன்னாள், தரை துடைக்கிறவளிடம் சொன்னாள், பெஞ்சில் சுருண்டு கிடந்த தம்பியை எழுப்பிச் சொன்னாள். "ஒத்துக்கிட்டாருடா!" இருவரும் திரும்பி வந்தபோது கிண்ணம் தரையில் உருண்டு கிடந்தது. கஞ்சி போர்வையில் வழிந்துகொண்டிருந்தது. ஆணிவாயர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ வந்து மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"மாமா? மாமா, கையத் தூக்குங்க" என்றான் தம்பி. "மாமா, சுத்தியலப் புடிக்கற மாதிரி புடிங்க. இதோ, என் விரலப் புடிங்க."

விரல் மடங்கவில்லை. பேச்சும் வரவில்லை.

அதற்குப் பிறகு டாக்டர்கள் ஓடிவந்தார்கள், வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள், தலையைப் படம் பிடித்தார்கள், கொண்டுவந்து விட்டார்கள். கூட்டிலிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக்குள் அடைத்துக்கொண்டது. இப்போது நெஞ்சைத் திறப்பது ஆபத்து, திறக்காமல் இருப்பதும் ஆபத்து, சில நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பல்லை மட்டும் காத்திருக்க வைக்க வேண்டாம் என்றார்.

இந்தத் தடவை காகிதத்தைத் தையல்காரியிடமே நீட்டினார்கள். நேற்று அவள் கேட்டுக் கிடைக்காத பேனா. கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் அந்தச் சின்னப் பெண் சாமான்களோடு வந்தாள். மழையில் வார்டு இருண்டு கிடந்தது. நர்ஸ் வேறொரு கட்டிலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா? வாய்க்குள்ள வெளிச்சம் விழணும். பயமா இருந்தா வேற யாரையாவது கூப்பிடறேன்."

"புடிக்கறேன்."

வாயைத் திறக்க வைப்பது கஷ்டமாக இருக்கும் என்று அந்தப் பெண் ஒரு மரக்கட்டையைக்கூட எடுத்து வைத்திருந்தாள். அது தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணைக் கண்டதும் ஆணிவாயர் கோணிய வாயைத் தானாகவே திறந்தார். எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்தார்.

தையல்காரி உள்ளே பார்த்தாள். பல்லை விட்டு ஈறு, சட்டத்தை விட்டுப் பிரிந்த துணிபோல விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. விலகிய இடமெல்லாம் பைபையாகச் சீழ். பல்லின் வேர்கள் மஞ்சளாக வெளியே நின்றன.

"இது எப்பலேருந்தும்மா இப்படி?" என்று பல் டாக்டரிடம் கேட்டாள்.

"பல வருஷமா இருக்கும்."

"ஒரு நாள்கூட வலிக்குதுன்னு சொன்னதில்லயே."

"பல பேருக்கு வலிக்காதும்மா."

மரத்துப்போக ஊசி போட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். "இதெல்லாம் எடுத்துட்டா நெஞ்சு சரியாயிடுமா?" என்று தையல்காரி கேட்டாள்.

அந்தப் பெண் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பொய் சொல்லப் பழகாத வயசு. "இதை எடுத்தாதான் அவங்க நெஞ்சுகிட்டப் போவாங்க. அதுவரைக்கும் நெஞ்சு தாங்கணும். அதுக்கு மேல எனக்குத் தெரியலம்மா."

முதல் பல் இழுக்க வேண்டிய தேவையே இல்லாமல் வந்தது. தட்டில் விழுந்து சின்னதாக ஒரு சத்தம். ஆணிவாயரின் இடது கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. வலியா, வேறு ஏதாவதா என்று கேட்க முடியாது. அவரால் சொல்லவும் முடியாது.

"அம்மா, வெளிச்சம் ஆடுது."

தையல்காரி டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அடுத்தது" என்றாள் அந்தப் பெண்.

தையல்காரி வெளிச்சத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள்.